மூடிக் கிடக்கும் டைனர்: விலை ஏறும் பேட்டையில் மூலை மனை மட்டும் ஏன் காலி?

அமெரிக்க நகரங்களில் வீட்டு விலை விறுவிறுவென்று ஏறிக்கொண்டிருக்கும் பேட்டைகளில் ஒரு விநோதம் அடிக்கடி கண்ணில் படும். தெருவின் இரு பக்கமும் புது அடுக்குமாடிகள் எழும்பியிருக்கும். கீழ்த்தளங்களில் யோகா வகுப்பு, நாய்களுக்கு முடிவெட்டும் கடை, காபியைப் பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ளும் காபிக் கடை. இத்தனைக்கும் நடுவில், அதுவும் இருப்பதிலேயே நல்ல மூலையில், ஒற்றைத் தள டைனர் (நீண்ட கவுன்ட்டரில் உட்கார்ந்து மலிவாகச் சாப்பிடும் அமெரிக்கச் சிற்றுணவகம்) ஒன்று பூட்டிக் கிடக்கும். ஜன்னல்களில் பிளைவுட் அறைந்திருக்கும், வண்டி நிறுத்தும் இடத்தைச் சுற்றிக் கம்பி வேலி போட்டிருப்பார்கள்.

பேட்டை நொடித்துக் கிடந்த காலமெல்லாம் இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருந்த கடை, பேட்டைக்கு நல்ல காலம் பிறந்ததும் மூடியது எப்படி? ஆள் வரவில்லை, வியாபாரம் படுத்துவிட்டது என்பதுதான் சட்டென்று தோன்றும் பதில். பல இடங்களில் அது சரியில்லை. வியாபாரத்தின் கதையை விட மனையின் கதைதான் இங்கே பெரிது. அந்தக் கட்டடம் சும்மா கிடப்பதும் ஒரு கணக்கோடுதான்.

அந்தக் கணக்கு புரிய, டைனர் எப்படி உருவான பண்டம் என்று முதலில் பார்க்க வேண்டும். 1872-இல் ரோட் ஐலண்டின் பிராவிடன்ஸ் நகரில் வால்டர் ஸ்காட் என்பவர் குதிரை வண்டி ஒன்றில் சாப்பாடு விற்கத் தொடங்கினார். பத்திரிகை அலுவலக ஊழியர்கள் உட்பட, ராத்திரி வேலை பார்த்தவர்கள்தான் வாடிக்கையாளர்கள். மற்ற உணவகங்கள் மூடிய பிறகு பசிப்பவர்களுக்கான வண்டி அது. போகப் போக வண்டி பெரிதாகி, வாடிக்கையாளர் உள்ளே ஏறி உட்காரும்படி ஆனது. அப்புறம் சக்கரத்தை ஒதுக்கிவிட்டு ஒரே இடத்தில் நின்றுவிட்டது. மாசசூசெட்ஸின் வூஸ்டர் நகரில் 1906 முதல் 1957 வரை இயங்கிய வூஸ்டர் லஞ்ச் கார் கம்பெனியும், நியூஜெர்சியின் ஜெர்ரி ஓமஹோனி போன்ற நிறுவனங்களும் டைனர்களைத் தொழிற்சாலையிலேயே முழுதாகக் கட்டி, ரயிலிலோ லாரியிலோ ஏற்றி அனுப்பின. பழைய ரயில் பெட்டியைத்தான் ஓட்டலாக மாற்றினார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலானவை அப்படி இல்லை. சாலை வழியே கொண்டுபோக வேண்டியிருந்ததால் அகலம் குறைந்து, நீளம் கூடி, ரயில் பெட்டிச் சாயல் தானாக வந்தது. பிறகு அந்தச் சாயலே விற்பனை உத்தியும் ஆனது.

இப்படி வந்து இறங்கும் டைனருக்கு அஸ்திவாரமும் தண்ணீர், மின்சார இணைப்புகளும் போதும். அதனால் வாடகை மனையில்கூட இறக்கிவிடலாம். ஆலை வாசல், துறைமுக ஓரம், லாரிகள் போகும் சாலை என்று மனை விலை மலிவாகவும் பசியோடு ஆட்கள் அதிகமாகவும் இருந்த இடங்களுக்கு அவை போய்ச் சேர்ந்தன. சின்ன பில், விரைவாகக் காலியாகும் ஸ்டூல், மூன்று ஷிஃப்ட் கூட்டம். ஒரு காபியும் இரண்டு முட்டையும் விற்று வாடகை கட்ட முடிந்தது என்றால், நிலம் மலிவாக இருந்ததுதான் அதற்குப் பெரிய காரணம். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கிவிடும்.

ஆலைகள் போன பிறகும் டைனர்கள் சட்டென்று சாகவில்லை. நியூயார்க்கில் கிரேக்கத்திலிருந்து குடியேறிய குடும்பங்கள் ஏராளமான டைனர்களை எடுத்து நடத்தின. அப்பா கல்லாவில், மாமா அடுப்படியில், பிள்ளைகள் பள்ளி விட்டதும் கவுன்ட்டரில் என்று கூலிச் செலவைக் குடும்பத்துக்குள்ளேயே அடக்கிய ஏற்பாடு அது. நியூயார்க்கின் அடையாளமாகவே ஆகிப்போன நீல வெள்ளைக் காகிதக் கோப்பை, கிரேக்கச் சாடி படம் போட்டது, இந்த உரிமையாளர்களை மனதில் வைத்துத்தான் 1960-களில் வடிவமைக்கப்பட்டது. வடிவமைத்த லெஸ்லி பக் கிரேக்கர் அல்ல. செக்கோஸ்லோவாகியாவிலிருந்து வந்து சேர்ந்த, நாஜி முகாம்களில் உயிர் தப்பியவர். அடுத்த தலைமுறை படித்து வேறு வேலைக்குப் போனது. அதில் குறை சொல்ல என்ன இருக்கிறது? விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து முட்டை உடைத்த அப்பா, மகனும் அதையே செய்ய வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்க மாட்டார். ஆனால் கூலியில்லாக் குடும்ப உழைப்பு போனதும் கணக்கு இறுகியது.

அந்த நேரத்தில்தான் பேட்டைக்கு விலை ஏறத் தொடங்குகிறது. வசதி குறைந்தவர்கள் வாழ்ந்த பகுதிக்கு வசதியானவர்கள் வந்து சேர, வாடகை ஏறி, பழைய ஆட்களும் கடைகளும் வெளியேறும் இந்தப் போக்கை ஜென்ட்ரிஃபிகேஷன் என்கிறார்கள். இதைப் பற்றி 1979-இல் நீல் ஸ்மித் என்ற புவியியலாளர் முன்வைத்த விளக்கம் டைனர் விஷயத்தில் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆட்களின் ரசனை மாறியதால் மட்டும் பேட்டைகள் மாறுவதில்லை, முதலீடு திரும்பி வருவதால் மாறுகின்றன என்றார் அவர். ஒரு மனை இன்றைய பயன்பாட்டில் ஈட்டும் வருமானம் ஒன்று. அதே மனை, அந்த இடத்தில் சாத்தியமான மிக லாபகரமான பயன்பாட்டில் ஈட்டக்கூடியது இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி போதிய அளவு அகலும்போது பணம் உள்ளே பாய்கிறது. ‘வாடகை இடைவெளி’ என்று இதைச் சொல்லலாம்.

ஒரு பேட்டையில் இந்த இடைவெளி எங்கே அதிகமாக இருக்கும்? மூன்று நான்கு மாடிச் செங்கல் கட்டடத்தில் கீழே கடையும் மேலே வீடுகளும் இருந்தால், இருக்கும் இடத்தை ஓரளவு பயன்படுத்திவிட்டார்கள் என்று அர்த்தம். இடித்துக் கட்டினாலும் கூடுதல் லாபம் குறைவு. உள்ளே இருப்பவர்களைக் காலி செய்ய வைப்பதும் தலைவலி. டைனர் அப்படியல்ல. ஒற்றைத் தளம், பக்கத்தில் வண்டி நிறுத்த இடம், மேலே குடியிருப்பவர் யாரும் கிடையாது, சாக்கடை, மின் இணைப்பு எல்லாம் தயார், இரண்டு தெருக்களைப் பார்த்த மூலை. மனையின் அளவைப் பொறுத்து இவ்வளவு தளப்பரப்புதான் கட்டலாம் என்று நகர விதிகள் சொல்லும் இல்லையா, எஃப்.எஸ்.ஐ என்று நம்மிடம் புழங்கும் அதே கணக்கு, நியூயார்க்கில், எங்கே என்ன கட்டலாம் என்று சொல்லும் மண்டல விதிகள் 1961-இல் வந்ததிலிருந்து எல்லாவற்றையும் தீர்மானிப்பது அதுதான். டைனர் அந்த அனுமதியில் ஒரு துண்டைத்தான் பயன்படுத்துகிறது. மிச்சம் முழுவதும் அதன் தலைக்கு மேல் காற்றாகத் தொங்குகிறது. பில்டர் பார்ப்பது அந்தக் காற்றைத்தான்.

ஆக, மலிவு மனையில் டைனரைப் பிழைக்க வைத்த அதே ஒற்றைத் தள உருவம், மனை விலை ஏறியதும் அதை முதல் பலி ஆக்குகிறது.

கடை எப்படி மூடப்படுகிறது என்பதில் பெரிய மர்மம் இல்லை. பல வணிகக் குத்தகைகளில் வாடகை போக சொத்து வரி, காப்பீடு, பராமரிப்பு மூன்றும் வாடகைக்காரர் தலையில்தான். அக்கம்பக்கத்து மனைகள் நல்ல விலைக்குப் போகப் போக வரி மதிப்பீடும் ஏறும். கவுன்ட்டரில் ஒரு தோசைக்கல் கூடுதலாக வைக்காமலேயே செலவு ஏறிக்கொண்டிருக்கும். குத்தகை முடியும்போது புது ஒப்பந்தத்தில் ‘இடிக்கும் ஷரத்து’ வந்து உட்காரும்: இடிக்கப் போகிறோம் என்று இத்தனை மாத நோட்டீஸ் கொடுத்தால் கிளம்ப வேண்டும். அந்த ஷரத்தோடு எந்தக் கடைக்காரர் புது அடுப்பு வாங்குவார், எந்த வங்கி கடன் தரும்? வீட்டு வாடகைக்குக் கட்டுப்பாடு உள்ள நகரங்களிலும் கடை வாடகைக்குக் கிடையாது. நியூயார்க்கில் 1945 முதல் 1963 வரை கடை வாடகைக் கட்டுப்பாடு இருந்தது, பிறகு கைவிடப்பட்டது. கலிஃபோர்னியாவில் எந்த நகராட்சியும் அதைக் கொண்டுவரக் கூடாது என்று 1987-இல் மாநிலச் சட்டமே வந்துவிட்டது. மனையும் சொந்தமாக இருந்த டைனர்காரர்கள் கதை வேறு. அவர்களை யாரும் துரத்தவில்லை. விற்றுவிட்டு ஓய்வு பெற்றார்கள்.

சரி, மூடியாயிற்று. உடனே இடித்துக் கட்ட வேண்டியதுதானே? இங்கேதான் அந்த நீண்ட காலி வருடங்கள் வருகின்றன. பக்கத்து இரண்டு மனைகளும் சேர்ந்தால் பெரிய கட்டடம் எழுப்பலாம். அவற்றை வைத்திருக்கும் குடும்பம் இன்னும் விற்கச் சம்மதிக்கவில்லை. மண்டல விதியை மாற்றப் போவதாகப் பேச்சு அடிபடுகிறது. மாறினால் இன்னும் நான்கு மாடி கூடும். கடன் வட்டி இப்போது அதிகம். ஓடுமீன் ஓட உறுமீன் வரும்வரை நிற்கும் கொக்குதான் மனைக்காரர். இடையில் இரண்டு வருடத்துக்கு யாருக்காவது வாடகைக்கு விடலாமே என்றால், நல்ல விலை கேட்டு ஆள் வரும் நாளில் உள்ளே வாடகைக்காரர் இருப்பது இடைஞ்சல். கலிஃபோர்னியாவில் இன்னொரு வசதியும் உண்டு. 1978-இல் வாக்காளர்கள் ஏற்ற 13-ஆம் முன்மொழிவின்படி, சொத்து கைமாறாத வரை அதன் வரி மதிப்பு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. பல வருடங்களுக்கு முன் வாங்கியவருக்குக் காத்திருப்பதன் செலவு மிகக் குறைவு.

காலியாகக் கிடக்கும் ஒவ்வொரு மாதமும் மறுபடி திறப்பதைக் கடினமாக்குகிறது என்பது வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரிவதில்லை. முதலில் சமையல் சாமான்கள் ஏலத்தில் போய்விடும்: இரும்புக் கல், குளிர்ப்பெட்டி, காபி இயந்திரம். அடுப்புக்கு மேல் இருக்கும் புகைக்கூண்டும் அதோடு சேர்ந்த தீயணைப்பு அமைப்பும் பழைய விதிப்படி போட்டவை. புது ஆள் புது விதிப்படி போட வேண்டும். கழிவறை, நடையின் அகலம், வாசல் படி எல்லாம் 1990-இன் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தோடு உரச ஆரம்பிக்கும், ஏனென்றால் பெரிய மாற்றம் செய்தால் அந்தப் பகுதியை அணுகத்தக்கதாக ஆக்கியாக வேண்டும். பதினைந்தடி அகலப் பெட்டிக்குள் சக்கர நாற்காலி திரும்ப இடம் தேடுவது லேசான வேலை இல்லை. நியூயார்க்கில் 2024-இல் விதி தளர்த்தப்படும் வரை இன்னொன்றும் இருந்தது: புது மண்டல விதிக்கு ஒவ்வாத, ஆனால் பழைய உரிமையில் நடந்துவந்த தொழில் இரண்டு வருடம் நின்றுவிட்டால் அந்த உரிமை பொதுவாகக் காலாவதி ஆகிவிடும்.

கட்டடம் கெடுவதும் விசித்திரமான முறையில்தான். வெளியே தெரியும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கும் எனாமல் பூசிய தகட்டுக்கும் எளிதில் ஒன்றும் ஆகாது. வருடக்கணக்கில் பளபளவென்றே இருக்கும். அதனால் உள்ளே நன்றாக இருப்பதாகத் தோன்றும். வூஸ்டர் கம்பெனி செய்தவற்றில் எனாமல் தகட்டுக்குப் பின்னால் இருப்பது மரச் சட்டம். கூரையின் இணைப்பில் ஒரு கசிவு போதும். தண்ணீர் சுவருக்குள் இறங்கி அடிச்சட்டத்தில் தேங்கும். கவுன்ட்டர் ஸ்டூல்கள் தரையில் போல்ட் போட்டு இறுக்கப்பட்டவை, அந்தத் துளைகளைச் சுற்றித் தரை மெத்தென்று ஆகத் தொடங்கும். சூடாக்கி ஓடாத குளிர்காலத்தில் குழாய்கள் உறைந்து வெடித்தால் மிச்சமும் முடிந்தது. ‘சரிசெய்ய முடியாத நிலை’ என்று பொறியாளர் அறிக்கை எழுத அதற்குப் பிறகு அதிக காலம் ஆகாது. சில மனைக்காரர்கள் அந்த அறிக்கைக்காகவே கூரையைக் கவனிக்காமல் விடுகிறார்கள் என்ற புகார் பாரம்பரியக் கட்டடப் பாதுகாப்பு ஆர்வலர்களிடம் எப்போதும் உண்டு. அப்படி எதுவும் இல்லை என்று அடித்துச் சொல்ல நான் தயாராக இல்லை.

பாரம்பரியச் சின்னம் என்று அறிவித்துவிட்டால் காப்பாற்றிவிடலாமா? 1978-இல் ரோட் ஐலண்டின் பாடக்கெட் நகரிலுள்ள மாடர்ன் டைனர், வரலாற்று இடங்களுக்கான தேசியப் பதிவேட்டில் ஏறியது. அந்தப் பெருமை பெற்ற முதல் டைனர் அது. ஆனால் தேசியப் பதிவேடு, தனியார் தன் சொந்தப் பணத்தில் இடிப்பதைத் தடுக்காது. புதுப்பித்தால் 20 சதவீத மத்திய வரிச் சலுகை கிடைக்கும், அவ்வளவுதான். இடிப்பதைத் தடுக்கும் பல் இருப்பது நகர அளவிலான சட்டங்களுக்கு. அந்தப் பல்லும் எப்போதும் கடிப்பதில்லை. சியாட்டிலின் பாலர்ட் ஒரு காலத்தில் மீனவர்களும் மரத் தொழிலாளர்களும் வாழ்ந்த பகுதி. அங்கே 1964-இல் கட்டப்பட்ட, கூரை வளைந்து துள்ளும் மானிங்ஸ் உணவகம், பின்னாளில் டென்னி’ஸ் (Denny’s) என்ற உணவகச் சங்கிலியின் கிளை ஆனது. கறாராகச் சொன்னால் இது காபி ஷாப் வகை, டைனரின் ஒன்றுவிட்ட தம்பி. 2008 தொடக்கத்தில் நகரத்தின் பாரம்பரிய வாரியம் அதைச் சின்னமாக அறிவித்தது. அடுத்த கட்டமாகக் கட்டுப்பாடுகளை விதிக்கும் நேரம் வந்தபோது, கட்டடத்தை வைத்துக்கொண்டு உரிமையாளருக்கு நியாயமான வருமானம் கிடைக்காது என்ற வாதம் வென்றது. அதே ஆண்டு ஜூனில் இடித்தார்கள். பொருளாதாரச் சரிவும் சேர்ந்துகொள்ள, அந்த மனை சில ஆண்டுகள் வெறுமனே கிடந்த பிறகுதான் அடுக்குமாடி எழுந்தது.

லாஸ் ஏஞ்சலஸின் வில்ஷர், ஃபேர்ஃபாக்ஸ் சந்திப்பில் இருக்கும் ஜானிஸ் காபி ஷாப் நேர் எதிர் உதாரணம். 1956-ஐ ஒட்டிக் கட்டப்பட்டது, 2000-இல் உணவகம் மூடப்பட்டது, 2013-இல் நகரச் சின்னம் ஆனது. எளிதில் இடிக்கவும் முடியாது, திறப்பாரும் இல்லை. ஆனாலும் அது சும்மா இல்லை. கவுன்ட்டரும் ரெக்ஸின் இருக்கைகளும் அப்படியே இருப்பதால் படப்பிடிப்புக்கு வாடகைக்குப் போகிறது. சமைக்காமலேயே சம்பாதிக்கும் உணவகம்! 2016-இல் கொஞ்ச நாள் அதிபர் வேட்பாளர் ஆக முயன்ற பெர்னி சாண்டர்ஸின் ஆதரவாளர்களுடைய தேர்தல் அலுவலகமாகவும் இருந்தது.

இருந்தாலும் டென்வர் நகரத்துக் கதைதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. கோல்ஃபாக்ஸ் அவென்யூவில் 1967-இல் கட்டப்பட்ட டாம்ஸ் டைனர். இருபது வருடம் உழைத்த உரிமையாளர், 2019-இல் 48 லட்சம் டாலருக்கு விற்றுவிட்டு ஓய்வு பெற விரும்பினார். வாங்குபவர் அடுக்குமாடி கட்டுவதாக இருந்தது. பகுதிவாசிகள் ஐந்து பேர் இதைச் சின்னமாக அறிவிக்க வேண்டும் என்று நகராட்சியில் விண்ணப்பித்தார்கள். உரிமையாளருக்கு அதில் சம்மதமே இல்லை. இங்கே யார் பக்கம் நியாயம்? கட்டடக்கலை அருமை, உண்மைதான். ஆனால் அந்த மனைதான் அவருடைய ஓய்வூதியம். வாரம் ஒரு முறை சாப்பிட வந்தவர்களின் நினைவுகளுக்காக அவர் வாழ்நாள் சேமிப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டுமா? எதிர்ப்பு கிளம்பியதும் விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டது. பிறகு பழைய கட்டடங்களில் முதலீடு செய்யும் நிறுவனம் ஒன்று வந்து, 2022-இல் அதே கட்டடம் காக்டெய்ல் பாரும் உணவகமுமாகத் திறந்தது. கூரை பிழைத்தது. விடியற்காலை மூன்று மணிக்கு ஒரு காபியோடு யாரும் கேட்காமல் உட்கார்ந்திருந்த ஆட்களுக்கு அங்கே இடம் இல்லை. கட்டடத்தைக் காப்பாற்றுவதும் டைனரைக் காப்பாற்றுவதும் ஒன்றல்ல என்று பாதுகாப்புக் கூட்டங்களில் அதிகம் பேர் சொல்வதில்லை.

தொழிற்சாலையில் செய்த டைனர்களுக்கு மட்டும் மூன்றாவது வழி ஒன்று உண்டு: தூக்கிக்கொண்டு போய்விடலாம். மன்ஹாட்டனின் சோஹோவில் 1930-களிலிருந்து நின்ற மூன்டான்ஸ் டைனர் 2007-இல் மூடப்பட்டதும், வயோமிங்கின் லா பார்ஜ் என்ற சிற்றூரைச் சேர்ந்த தம்பதி 7,500 டாலருக்கு வாங்கினார்கள். நாட்டின் விலை உயர்ந்த பேட்டை ஒன்றிலிருந்து ஒரு முழுக் கட்டடம் பழைய கார் விலைக்குப் போனது. மனைக்கும் கட்டடத்துக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடத் தெளிவாக எந்தப் பொருளாதார நிபுணரும் சொல்லிவிட முடியாது. கொண்டுபோகும் செலவும் புதுப்பிக்கும் செலவும் விலையைப் போலப் பல மடங்கு. போன இடத்தில் பனிச் சுமையில் கூரை சரிந்தது, சரிசெய்து 2009-இல் திறந்தார்கள், 2012-இல் மூடினார்கள். ஒன்பதாவது அவென்யூவின் ஷையென் டைனரை புரூக்ளினின் ரெட் ஹுக்குக்குக் கொண்டுபோக ஒருவர் வாங்கினார். சில மைல் தூரம்தான். அந்த நகர்வே கட்டுப்படியாகாமல் போக, கடைசியில் அலபாமாக்காரர் ஒருவர் வாங்கினார்.

இந்த விடைபெறல்களுக்கெல்லாம் ஏக்கத்தோடு கட்டுரை எழுதுபவர்கள் ‘எல்லாரும் சமமாக உட்கார்ந்த கவுன்ட்டர்’ என்று டைனரை வர்ணிப்பது வழக்கம். கொஞ்சம் நிதானிக்கலாம். 1961-இல் மேரிலாந்தின் 40-ஆம் எண் நெடுஞ்சாலையில், வாஷிங்டனுக்குக் காரில் போய்க்கொண்டிருந்த சாட் நாட்டுத் தூதருக்கு ஒரு டைனரில் காபி மறுக்கப்பட்டது. காரணம் அவருடைய தோல் நிறம். கென்னடி அரசு அந்தச் சாலை உணவகங்களோடு பேச்சுவார்த்தை நடத்தும் அளவுக்கு விவகாரம் போனது. கவுன்ட்டர் எல்லாருக்கும் திறந்தது 1964-இன் குடிமை உரிமைகள் சட்டத்துக்குப் பிறகுதான், அதுவும் படிப்படியாக.

வீட்டுப் பஞ்சம் உள்ள நகரத்தில் ஒற்றைத் தள டைனர் இடத்தில் நூறு வீடு வருவதை எதிர்ப்பதற்கு எனக்கு வாய் வராது. எரிச்சல் எல்லாம் அந்த நடுவிலான வருடங்கள் மேல்தான்: சாப்பாடும் இல்லாமல், வீடும் இல்லாமல், வேலி மட்டும் இருக்கும் காலம். இதற்கு நகரங்கள் சில மருந்துகளை முயன்று பார்க்கின்றன. சான் ஃபிரான்சிஸ்கோவில் 30 வருடத்துக்கு மேல் நடந்த கடைகளுக்கு 2015 முதல் ஒரு பதிவேடு உண்டு. அதிலுள்ள கடைக்கு 10 வருடக் குத்தகை கொடுக்கும் மனைக்காரருக்கு நகரமே மானியம் தர ஏற்பாடு செய்தது. கடை திறந்திருக்கும்போதே கை கொடுப்பதால் எனக்கு இது அர்த்தமுள்ளதாகப் படுகிறது. அதே நகரத்தின் காலிக்கடை வரி, 182 நாளுக்கு மேல் காலியாக இருந்தால், முகப்பின் ஒவ்வொரு அடிக்கும் முதல் வருடம் 250 டாலர், அடுத்து 500, பிறகு 1,000. முப்பதடி முகப்பு என்றால் மூன்றாம் வருடம் 30,000 டாலர். சின்ன மனைக்காரரை இது உலுக்கும். பல லட்சம் டாலர் லாபத்துக்குக் காத்திருப்பவருக்கு அது இன்னொரு செலவுக் கணக்கு. வாஷிங்டன் டி.சி. முறை இன்னும் காரமானது: காலிக் கட்டடத்துக்கு மதிப்பில் நூற்றுக்கு 5 டாலர், பாழடைய விட்டால் 10 டாலர். வரி மனையின் மதிப்போடு ஏறுவதால், விலை ஏற ஏறக் காத்திருப்பதும் கடிக்கும்.

உங்கள் பகுதி டைனர் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால், பிளைவுட்டில் ஒட்டிய ‘விரைவில் திறக்கப்படும்’ காகிதத்தை நம்ப வேண்டாம். நியூயார்க் என்றால் அக்ரிஸ் என்ற நகரப் பதிவு இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பத்திரங்களைப் பார்க்கலாம், இலவசம். மனை ஒரு குடும்பத்தின் பெயரிலேயே இருந்தால், இன்னும் யாராவது குத்தகைக்கு எடுத்துக் கடை திறக்க வாய்ப்பு உண்டு. தெரு எண்ணையே பெயராக வைத்த எல்.எல்.சி. (பொறுப்பு வரம்புள்ள தனி நிறுவனம்) ஒன்றின் பெயருக்கு மாறியிருந்தால் பெரும்பாலும் விற்றாயிற்று. பக்கத்து மனைகளையும் அதே முகவரிக்காரர் வாங்கியிருக்கிறாரா என்று பாருங்கள். வாங்கியிருந்தால், அடுத்துத் தேட வேண்டியது கட்டடத் துறையின் பதிவுகளில் இடிக்கும் அனுமதிக்கான விண்ணப்பத்தை.